கம்ப்யூட்டர்மேல் போட்ட பழி

குடவாசல் பேருந்து நிலையத்தில் இறங்கி ‘செம்மொழி கம்ப்யூட்டர்ஸ்’ எங்கே என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் வழி காட்டுவார்கள். போன புரட்டாசியிலிருந்து வழி காட்டுகிறவர்கள் கூடவே ஒரு கேள்வியும் கேட்கிறார்கள். “உசுரோட இருந்த பொம்பள படத்துக்கு மாலை போட வெச்ச கடைதானே?” கேட்கட்டும். அதில் பொய் ஒன்றும் இல்லை. பொய் சொன்னது நான்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் செம்மொழி. வயது நாற்பத்து மூன்று. அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். சாயங்காலமானால் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து மேடைத்தமிழ் கேட்பார். அந்த மயக்கத்தில் எனக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டார். அம்மா வயலில் நாற்று நடுகிறவள். எங்கள் தெருவில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த முதல் பெண் நான். அந்தப் பெருமை இன்னும் என் தலையை விட்டு இறங்கவில்லை. கல்யாணமாகிக் குடவாசலுக்கு வந்து சில வருடங்கள் கழித்துக் கடை போட்டேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி, பட்டா மாறுதல் மனு, எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பேன். எனக்கு வாய் நீளம். “பேரு தப்பா இருக்கேக்கா” என்று யாராவது வந்து நின்றால், அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுவேன். அதற்காகவே எல்லாச் சீட்டையும் ஒரு கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன். தப்பு என் பக்கம் இல்லை என்று காட்டுவதில் எனக்கு அப்படி ஒரு சுகம்.

கடை தொடங்கியபோது வாங்கிய அதே கம்ப்யூட்டர்தான் மேசைமேல் இருக்கிறது. பதிமூன்று வயது. சூடாகிறது என்று பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன மேசை ஃபேனை அதன் வயிற்றைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். எனக்குக் காற்று கிடையாது, அதற்குத்தான். காலையில் சுவிட்சைப் போட்டால் முழுதாகத் திறக்க ஏழு நிமிடம் ஆகும். அதற்குள் வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்து, எதிர்க்கடையில் டீ வாங்கிவந்து பாதி குடித்திருப்பேன். பெரிய பேனர் வேலை என்றால் நடுவில் அப்படியே நின்றுவிடும். அதைத் திட்டிக்கொண்டு நானும் நிற்பேன்.

இரண்டு வருடமாக எனக்கு ஓர் ஆசை. கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் விற்பதும் பழுது பார்ப்பதுமாக இருக்கும் ஆஸிம், கல்யாண ஆல்பம், வீடியோ எல்லாம் செய்கிறவர்கள் வாங்கும் ஒர்க்ஸ்டேஷன் ஒன்றைக் காட்டினான். கறுப்பாக, தூக்கினால் கை வலிக்கிற கனம். நாற்பது பேர் நிற்கிற படத்தை ஒரு நொடியில் திறந்தான். விலை இரண்டே கால் லட்சம். அன்று பேருந்தில் திரும்பி வரும்போதே, அது என் மேசையில் எந்தப் பக்கம் உட்காரும் என்று யோசித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இனியவன் நெல் கொள்முதல் நிலையத்தில் பில் போடுகிறவர். ஈரப்பதம் பதினேழா பதினெட்டா என்று நாள் பூராவும் அடுத்தவன் சண்டையில் நிற்கிற மனிதர். வீட்டில் சண்டைக்கு வர மாட்டார். “இது ஓடுதுல்ல? ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்பார். இரண்டு வருடமாக அதே பதில். அதற்குமேல் நான் பேசினால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இனி என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் சங்கம், கட்சி என்று இருக்கிற குடும்பங்களில் சாவுக்குப் பதினாறாம் நாள் ஐயரைக் கூப்பிட மாட்டார்கள். பந்தல் போட்டு, இறந்தவர் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு வைத்து, மேலே துணி போட்டு மூடி, யாராவது தலைவரை அழைத்துத் துணியை விலக்கச் சொல்வார்கள். பிறகு மாலை, மைக்கில் பேச்சு, சாப்பாடு. படத்திறப்பு என்று பெயர். ஆனால் வயலில் வேலை பார்த்த அந்தக் காலத்துப் பெண்களுக்குத் தனியாக எடுத்த படம் ஏது? யாருடைய கல்யாணத்திலோ கும்பலில் நின்ற படம்தான் இருக்கும். அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, உடம்பு வேறு ஒட்டுவேன். என்னிடம் எட்டு உடம்பு தயாராக இருக்கிறது. எட்டும் பட்டுப்புடவை. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துப் பச்சை. காதுக்குத் தோடு, கழுத்துக்கு இரட்டை வடச் சங்கிலி. “இருந்தப்ப வாங்கிக் குடுக்க முடியல, படத்துலயாவது கட்டிக்கட்டும்” என்று பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சுருக்கம், மச்சம், கறை எல்லாவற்றையும் துடைத்து, நிறத்தையும் இரண்டு படி ஏற்றிவிடுவேன். அதை யாரும் கேட்பதில்லை. நானாகச் செய்வது.

போன புரட்டாசியில் நான் பிறந்த ஊரில் ராமாயி பெரியம்மா இறந்துபோனாள். சொந்தப் பெரியம்மா இல்லை; ஒரே தெரு, என் அம்மாவோடு ஒரே வரப்பில் நின்று நாற்று நட்டவள். நான் பரீட்சைக்குப் போன நாளெல்லாம் வாசலில் நின்று “போய்ட்டு வா தாயி” என்று அனுப்பியவள். அவள் மகன் செழியன் மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறான். படத்திறப்புக்கு ஐந்து நாள் முன்னால் கடைக்கு வந்தான். கையில் அவனுடைய கல்யாணப் படம் ஒன்று.

நான் அப்போது ஃபோனில் இருந்தேன். கும்பகோணத்து பிரிண்டிங் கடைக்காரன் வேறொரு பேனரைக் கிழிசலாக அனுப்பியிருந்தான், அவனை வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தேன். செழியன் படத்தை மேசையில் வைத்து, விரலால் தொட்டுக் காட்டி, “இதான்க்கா அம்மா” என்றான். நான் ஃபோனைக் காதில் வைத்தபடியே தலையாட்டினேன். அவன் விரல் எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை.

அவன் போன பிறகு ஸ்கேன் செய்து திறந்தால் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ராமாயி பெரியம்மாவும் அவள் தங்கை பட்டம்மாவும். பதினைந்து வருடத்துக்கு முந்தின படம். ஒரே நெற்றி, ஒரே மூக்கு. எனக்குச் சந்தேகம் வந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன்: சந்தேகம் வந்தது. ஒரு ஃபோன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் என்னவென்று கேட்பது? பெரியம்மா பெரியம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்ட நான், ‘தம்பி, இதுல உங்கம்மா யாரு’ என்று கேட்டால் என்ன நினைப்பான்? டவுனுக்குப் போனதும் முகம் மறந்துபோச்சு என்று நினைப்பான். அந்தக் கௌரவம் தடுத்தது. இரண்டு முகத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் தாடையில் ஏதோ கறை இருந்தது, இன்னொன்று சுத்தமாக இருந்தது. சுத்தமானதில் வேலை கம்மி. அதை வெட்டி அரக்குப் பட்டில் ஒட்டி, சாயங்காலத்துக்குள் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டேன்.

படத்திறப்பு அன்று காலையில்தான் சட்டம் போட்ட படம் பேருந்தில் வந்தது. பழுப்புக் காகிதம் சுற்றியபடியே செழியன் வாங்கிக்கொண்டு போனான். பந்தல் போட்ட ஆட்கள் காகிதத்தைப் பிரித்து, மேசையில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடிவிட்டார்கள். அவர்கள் நன்னிலத்து ஆட்கள். ராமாயி பெரியம்மாவைப் பார்த்ததில்லை.

நானும் போயிருந்தேன். இரண்டாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. முதல் வரிசையில் பட்டம்மா சின்னம்மா, மடியில் பேரப்பிள்ளை. படத்தை அழகுற வடிவமைத்துத் தந்த சகோதரி செம்மொழி என்று மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். நான் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன். சங்கத்துத் தலைவர் துணியை விலக்கி, கையிலிருந்த மாலையையும் போட்டார். பிறகுதான் கூட்டம் அமைதியானது. அந்தப் பிள்ளை படத்தைக் காட்டி, “அப்பாயி, ஒன் படம்” என்றது.

பட்டம்மா சின்னம்மா எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த பிள்ளையின் வாயை மட்டும் பொத்தினாள். செழியன் துணியை எடுத்துப் படத்தின்மேல் மறுபடி போட்டான், மாலையோடு சேர்த்து. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. தலைவர் நல்ல மனிதர், என்னைத் திட்டவில்லை. “என்னம்மா ஆச்சு, சொல்லுங்க” என்று மைக்கை நீட்டினார்.

நான் எழுந்து மைக்கை வாங்கினேன். “கம்ப்யூட்டர்ல மாறிப்போச்சுங்க. ரொம்பப் பழைய சிஸ்டம். அதுவா ஃபைலை மாத்தி எடுத்துருச்சு.” குரல்கூட நடுங்கவில்லை. பழகின வாய்.

அத்தனை பேரும் நம்பினார்கள். “அது பாவம் என்ன பண்ணும்” என்று பின்னால் ஒருத்தி சொன்னாள், என்னைத்தான். ஏன் நம்ப மாட்டார்கள்? பயிர்க் கணக்கான அடங்கல் கேட்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனால் சிஸ்டம் ஏத்துக்கல என்கிறார்கள். ரேஷனில் கைரேகை விழாவிட்டால் மெஷின் எடுக்கல, நாளைக்கு வா என்கிறார்கள். நாற்று நட்டு நட்டுத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே விழும்? வருடக்கணக்காக ஒவ்வொரு ஜன்னலுக்கு முன்னாலும் நின்று கேட்டுப் பழகிய பதில் அது. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் அதைச் சொல்லும்போது நானே அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு அதே பதிலை எங்கள் தெரு ஆட்களுக்கு நானே சொன்னேன்.

முப்பதாம் நாள் சரியான படத்தை வைத்து இன்னொரு தடவை செய்துகொள்ளலாம் என்று முடிவானது. தப்பான படத்தைச் செழியனே மறுநாள் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தான். நான் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, மூலையில் சாய்த்து வைத்தேன். போகும்போது அவன், “மொதல்ல இந்த டப்பாவை மாத்துங்கக்கா. பேரு கெட்டுப்போவுது பாருங்க” என்றான். கடைக்கு வந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது இனியவன் சொன்னார்: “சரி, வாங்கிடு. இது இப்படிப் பண்ணும்னு நான் நெனைக்கல.” என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு குரல். எனக்கு உள்ளே குளிர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குளிர்ந்தது. இரண்டு வருடமாக நடக்காத காரியத்தை ஒரு பொய் நடத்திக் கொடுத்துவிட்டது.

ஆஸிமை வரச் சொன்னேன். பழைய கம்ப்யூட்டரில் உள்ளதை எல்லாம் புதிதுக்கு எப்படி மாற்றுவது என்று பார்க்க வந்தான். நான் வாய் சும்மா இருக்காமல், “ஃபைலை அதுவா மாத்துது தம்பி, அதையும் பாரு” என்றேன். அவன் அரை மணி நேரம் பார்த்தான். டீ வந்தது, குடித்தான். பிறகு என் பக்கம் திரும்பாமல் திரையைப் பார்த்தே பேசினான்.

“அக்கா, வேகம் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா எதுவும் மாறல. நீங்க வெட்டுன மூஞ்சிதான் ஒட்டியிருக்கு. தேதி, மணி எல்லாம் இதுல இருக்கு.”

“நான் என்ன பொய்யா சொல்றேன்?”

“நான் அப்படிச் சொல்லலக்கா. வேலைக்கு வேணும்னா வாங்குங்க, நல்ல மெஷின், நானே கொண்டாந்து வெக்கிறேன். ஆனா இதுக்காகன்னு வாங்காதீங்க. புதுசும் நீங்க குடுக்குற மூஞ்சியத்தான் ஒட்டும்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. விக்க வந்தவனுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி அவனை அனுப்பினேன். வாங்காமல் இருந்தால்தான் இப்போது ஆபத்து. இத்தனை பேர் முன்னால் பழி போட்டுவிட்டு அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், யாராவது ஒருத்தர் யோசிக்கத் தொடங்குவார்கள். தூக்கிப் போட்டுவிட்டால் பழி அதனோடு போய்விடும். இரண்டே கால் லட்சம் அதற்குத்தான் என்று எனக்குள் தெரிந்தே இருந்தது.

வியாழக்கிழமை மதியம் பட்டம்மா சின்னம்மா கடைக்கு வந்தாள். சம்பா நடவு மும்முரமாக நடக்கிற நேரம். அவள் காலில் சேறு இல்லை. அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

“என்ன சின்னம்மா, நடவுக்குப் போவலியா?”

“கூப்புடல.”

“ஏன்?”

“மொத நாத்து வெக்கிற வயல்ல நான் எறங்க வேணாமாம். மாலை வாங்குனவளாம். ஆள் சேக்குறவ நேராச் சொல்லல, ‘ஒரு மாசம் போவட்டும் பட்டம்மா’ங்கறா.”

“இதெல்லாம் ஒரு பேச்சா? ஒரு படம் மாறிப்போனதுக்கு?” என்று நான் எகிறினேன். யார் யாரைப் பார்த்து எகிறுவது என்று ஒரு கணக்கு இல்லை.

“மனுசரு மாத்தி வெச்சாத்தான் அது தப்பு. சிரிச்சிட்டுப் போயிருவாளுவ. இது மெஷினு அதுவா எடுத்துக் காட்டுச்சுல்ல. அதான் பயப்படுறாளுவ.” சொல்லிவிட்டு மேசைமேல் இருந்ததைப் பார்த்தாள். தகடு இல்லாத வயிற்றில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. “இதானா அது?”

“இதான்.”

அவள் கிட்டே போகவில்லை. வாசற்படிப் பக்கமே நின்று கேட்டாள். “எத்தன பேரு மூஞ்சி இதுக்குள்ள கெடக்கும். எல்லாத்தயும் விட்டுட்டு என்னைய எதுக்கு எடுத்துச்சு? நீ படிச்ச புள்ள, உள்ளதச் சொல்லு. எனக்கு நாளு கிட்ட வந்துருச்சா? மருமவகிட்ட கேக்க முடியல. அதுவே பயந்து கெடக்கு.”

அந்தக் கல்யாணப் படத்தைத் திறந்தேன். பாதி வந்து நின்று, பிறகு மீதியும் வந்தது. “சின்னம்மா, இதுல பெரியம்மா யாரு?” என்றேன்.

அவள் உள்ளே வந்து, அரை நொடி பார்த்துவிட்டு விரலை வைத்தாள். “இது அக்கா. தாடையில பச்சை குத்தியிருக்குல்ல. எனக்குக் குத்த வந்தப்ப நான் ஓடிட்டேன்.” நான் கறை என்று நினைத்தது அது. சின்ன வயதில் எத்தனை தடவை பார்த்த பச்சைப் புள்ளி. பெரியம்மா குனிந்து என்னிடம் பேசும்போதெல்லாம் என் கண்ணுக்கு நேரே இருந்த புள்ளி.

“அதுவா எடுக்கல சின்னம்மா. நான்தான் எடுத்தேன்.”

“என்னது?”

“இந்த மெஷின் ஒண்ணுமே பண்ணல. ரெண்டு மூஞ்சில எது பெரியம்மான்னு எனக்குத் தெரியல. செழியனுக்கு ஃபோன் போட்டுக் கேக்க வெக்கமா இருந்துச்சு. உங்க மூஞ்சில கறை இல்ல. தொடைக்கிற வேலை கம்மின்னு அதை எடுத்துட்டேன். மைக்ல சொன்னது பொய்.”

“வேலை கம்மின்னா?”

“ஆமா.”

பந்தலில் வைத்த அந்தப் படம் எங்கே என்று கேட்டாள். மூலையில் இருந்ததைத் திருப்பிக் காட்டினேன். அரக்குப் பட்டு, தோடு, இரட்டை வடம், ரோஜா நிறத்தில் கன்னம். அன்று பந்தலில் நாற்காலியிலிருந்தே பார்த்தவள், இப்போது குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிட்டே பார்த்தாள். தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி செருகிய காது.

“புள்ள சொன்னதாலதான் நான்னு எனக்கே தெரிஞ்சுச்சு” என்றாள். “இது யாரோ ஒருத்தி. நீ என்னையும் போடல, அக்காவையும் போடல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் பதிமூன்று வருடமாக எத்தனை பேருக்கு இந்த எட்டு உடம்பையும் மாட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது உட்கார முடியவில்லை. சின்னம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

“அன்னிக்கு மைக்லதானே சொன்ன? இதையும் மைக்ல சொல்லு. நான் போயிச் சொன்னா எவளும் நம்ப மாட்டா.”

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இனியவனிடம் சொல்லிவிட்டேன். முழுதாகக் கேட்டார். கோபப்படவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அவங்க வந்து கேக்கலன்னா, என்னிக்காவது சொல்லியிருப்பியா?”

“தெரியல” என்றேன். அதுதான் உண்மை. அவர் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஆஸிமுக்கு ஃபோன் செய்து, இப்போது வேண்டாம் என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. வாங்க மாட்டேன் என்று சத்தியம் எதுவும் செய்யவில்லை; ஆல்பம் வேலை நிறைய வந்தால் ஒருநாள் வாங்குவேன். இதன்மேல் பழி போட்டு வாங்க மாட்டேன், அவ்வளவுதான். இப்போதும் திறக்க ஏழு நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தில் டீ வாங்கப் போவதில்லை. வந்திருக்கிற படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.

ராமாயி பெரியம்மா படத்தை அந்தப் பழைய கம்ப்யூட்டரிலேயே செய்தேன். உடம்பு மாற்றவில்லை. அவள் மகன் கல்யாணத்துக்குக் கட்டியிருந்த நீல நூல்புடவை, வெறும் கழுத்து, தாடையில் பச்சை. நிறத்தைத் தொடவில்லை. செழியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “அம்மாதான்” என்றான். போகிறபோக்கில் கம்ப்யூட்டரின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, “இது இன்னும் போவலியாக்கா?” என்று சிரித்தான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். முப்பதாம் நாள் மைக்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

முப்பதாம் நாள் கூட்டம் குறைவு. தலைவர் வரவில்லை. செழியனே துணியை விலக்கினான். பெரியம்மா முகத்தைப் பார்த்ததும் பெண்கள் பக்கத்தில் அழுகை எழுந்தது. முதல் தடவை அந்த அழுகை வரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நான் போய் மைக்கைக் கேட்டேன்.

“அன்னிக்கு கம்ப்யூட்டர் மாத்திருச்சுன்னு சொன்னேன். அது பொய்ங்க. அது எதையும் மாத்தல. நான்தான் மூஞ்சியப் பாக்காம, கேக்கறதுக்கும் கௌரவம் பாத்துக்கிட்டு, தப்பா எடுத்து ஒட்டினேன். பட்டம்மா சின்னம்மாவ எந்த மெஷினும் காட்டல. அவங்கள நடவுக்குக் கூப்புடாம இருக்கறதுக்கு ஒரு காரணமும் கெடையாது. காரணம் நான்.” இந்தத் தடவை குரல் நடுங்கியது.

“அப்ப மெஷினு இல்லியா” என்று ஒருத்தர் மெதுவாகக் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. நடவுக்கு ஆள் சேர்க்கிற அம்மா தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பட்டம்மா சின்னம்மா பக்கம் சாய்ந்து, “காலையில வந்துரு. மேலக்கரை வயலு” என்றாள். சின்னம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது செழியன் பந்தல் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“அன்னிக்கு நீங்க கம்ப்யூட்டர்னு சொன்னப்ப எனக்குக் கோவமே வரலக்கா. டப்பா மேல என்னத்தக் கோவப்படுறது. இப்பத்தான் வருது.”

“வரட்டும் தம்பி.”

“ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். உங்கம்மா யாருன்னு கேட்டிருந்தா நான் ஒண்ணும் நெனைச்சிருக்க மாட்டேன். எங்கம்மாவுக்கு நடந்த காரியத்த ரெண்டாவது தடவ நடத்த வெச்சிட்டீங்களே.”

சீட்டுக் கம்பியில் குத்தி வைத்த எந்தச் சீட்டும் எனக்கு உதவவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

“சாப்புடாமப் போவாதீங்க” என்றான், என் முகத்தைப் பார்க்காமலே.

பந்தியில் போய் உட்கார்ந்தேன். எனக்கு நேர் எதிரே மேசைமேல் பெரியம்மா இருந்தாள். பட்டம்மா சின்னம்மாதான் சோறு பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு வந்ததும் கேட்காமல் இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இலையைப் பார்த்தபடியே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். கை கழுவப் போகும்வரை நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்க்க என்னால் முடியவில்லை.